நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கம்

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் அது விளையாட்டு அறையில்தான். அலுவலகத்தில் படத்துக்கு மாலை போட்டு, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்வார்கள். விளையாட்டு அறையில் முந்தின நாளே வேலை ஆரம்பித்துவிடும். வாலிபால் வலையைத் துவைத்துக் காயப்போடுவோம். குண்டு, வட்டு, ஈட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு உட்பட ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். சாருடைய விசில் தனியாக ஒரு வெற்றிலையின் மேல் இருக்கும்.

சார் என்று நான் சொல்வது எங்கள் உடற்கல்வி ஆசிரியரை. கபடி டீமுக்குக் கோச்சும் அவர்தான். அன்றைக்கு மட்டும் டிராக் பேண்ட்டை விட்டுவிட்டு வேட்டியில் வருவார். கற்பூரத் தட்டை நிதானமாகச் சுற்றிக் காட்டிவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முன்பும் நீட்டுவார். கடைசியில் பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஒரே போடில் உடைப்பார்.

எங்கள் கேப்டன் சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன். அவன் வாய் சும்மா இருக்காது. "சார் தீபாராதனை காட்டுனா குருக்களே ஓரமா நின்னு கத்துக்கணும்" என்பான். "நீ பூசணிக்காய ஒழுங்கா பொறுக்கிப் போடு. உள்ள இருக்குற காச மாத்திரம் பொறுக்கிக்கினு ஓடாத" என்று சார் திருப்பிக் கொடுப்பார்.

அந்த அறையில் இருந்தவர்களில், சார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் அவர் அங்கேதான் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இரண்டு பெயர். சர்டிபிகேட்டில் ஒன்று, சர்ச்சில் ஒன்று. எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அதற்கப்புறம் நாலு பேர் படித்து அரசு வேலைக்குப் போனது தாழ்த்தப்பட்டவர்களுக்கு இருக்கிற ஒதுக்கீட்டினால். அந்த ஒதுக்கீடு சாதிச் சர்டிபிகேட்டில் 'இந்து' என்று இருந்தால்தான் கிடைக்கும். அதே தெரு, அதே வீடு, அதே ஆள், 'கிறிஸ்தவன்' என்று எழுதிவிட்டால் வேறு பட்டியலுக்குப் போய்விடுவான். ஊருக்குள் எங்களை நடத்துகிறவர்கள் பட்டியலைப் பார்த்து நடத்தவில்லை என்பது வேறு விஷயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவோம், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் 'இந்து' என்று எழுதுவோம். இதை எங்களில் யாரும் பொய்யாக நினைத்ததில்லை. வெயிலுக்குச் செருப்பு போடுவது மாதிரிதான் அது.

அப்பா இல்லை. அம்மா ஒரு பட்டு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறினது தப்பிப் பிழைத்த மாதிரிதான். பொங்கலுக்குக் காலனியில் நடந்த கபடியில் என்னைப் பார்த்துவிட்டு சார்தான் தேடி வந்து, விளையாட்டுக்கு என்று இருக்கிற இடத்தில் என்னைக் கல்லூரியில் சேர்த்தார். காலையில் கிரவுண்டுக்கு வரும்போது டிபன் பாக்ஸில் நாலு அவித்த முட்டை கொண்டுவருவார். இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு. மற்ற பையன்கள் கேலி செய்தால், "அவன் ரைடு போறான், நீ போறியா?" என்பார். வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைத் தென்னேரிப் பக்கம் ஒரு சின்ன சர்ச்சுக்கு அழைத்துப் போனாள். அங்கே அன்றைக்கு உபவாச ஜெபம். ஓடு போட்ட கட்டடம், கீழே பாய். ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு முதுகு. தினமும் ஆறு மணிக்குப் பார்க்கிற முதுகை யாருக்குத்தான் தெரியாது. அது சார். பெண்கள் பக்கத்து ஓரத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு வயசான அம்மா, புத்தகம் இல்லாமலே ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சாருடைய தாயார் என்று பிறகு தெரிந்தது. அந்த ஊரில்தான் இருந்தார். கிரவுண்டில் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷன், அங்கே கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைகிற அளவுக்குப் பாடிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு மட்டும் பத்து ரவுண்டு அதிகம். ஓடி முடித்துவிட்டுக் குழாயடிக்கு வந்தேன். அவரும் வந்தார்.

"நேத்து எங்கயாவது போயிருந்தியா?"

"இல்ல சார்."

"யாரையாவது பாத்தியா?"

"இல்ல சார்."

"சரி. முட்டைய சாப்டு."

எங்களுக்குள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் டீம் வட்டமாகத் தோளில் கை போட்டு நிற்கும். கேப்டன் 'கோவிந்தா' என்று குரல் கொடுப்பான், மற்றவர்கள் கத்துவார்கள். டீமில் பாய் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான், அவன் தன் பாட்டுக்கு 'பிஸ்மில்லா' சொல்லிக்கொண்டு கோட்டைத் தொடுவான். யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் சார் எப்போதும் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு மேட்சுக்கும் லேஸ் எப்படித்தான் அவிழ்கிறது என்று கேப்டன்கூட ஒருமுறை கேட்டான். நான் மட்டும் கேட்கவில்லை. அந்த லேஸில் அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று எண்ணுவேன். பெரிய மேட்ச் என்றால் கொஞ்சம் கூடுதல்.

இன்னொரு பழக்கமும் அவர் எங்களுக்குப் போட்டது. எதிராளியின் கை நம் மேல் பட்டால், நடுவர் பார்க்காவிட்டாலும் நாமே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். தூக்காதவனை அடுத்த மேட்சில் உட்கார வைத்துவிடுவார். இதனால் நாங்கள் தோற்ற மேட்சுகளும் உண்டு. மற்ற கல்லூரிக்காரர்கள் எங்களைக் கிறுக்கன்கள் என்றார்கள்.

இரண்டாம் வருடம் எங்கள் கிரவுண்டிலேயே ஒரு போட்டி. இரண்டாவது பாதி. நான் ரைடு போனேன். கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். நான் கோட்டை நோக்கி எட்டிப் பாய்ந்தேன். இன்னொருவன் முதுகின் மேல் விழுந்தான். என் தலை முதலில் தரையில் பட்டது. வலி என்று எதுவும் இல்லை. வானம் தெரிந்தது, சத்தம் கேட்டது. கையும் காலும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரியவில்லை.

பையன்கள் என்னைத் தூக்க வந்தார்கள். "எவனும் தொடாத, கழுத்த அசைக்காத" என்று சார் கத்திக்கொண்டே ஓடிவந்து பக்கத்தில் முட்டி போட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். "கால அசைடா" என்றார். அசைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அசைக்கிறேன் சார் என்று சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"சார், ஜெபம் பண்ணுங்க சார்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் கையில் போன். எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு என் நெற்றியில் கையை வைத்தார்.

"ஏசப்பா, இந்தப் புள்ளைய எழுப்பி உடுங்கப்பா. இவங்கம்மாவுக்கு வேற யாரும் இல்லப்பா. என் கையில குடுத்த புள்ளப்பா இது, என் கையிலயே திருப்பிக் குடுத்துடுங்கப்பா."

மெதுவாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகக் குரல் தானாக ஏறிவிட்டது. சர்ச்சில் உதடு மட்டும் அசைந்த மனுஷன் அது. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் வலது கால் விரல் அசைந்தது. ஆஸ்பத்திரியில், நரம்புக்கு அதிர்ச்சி, இப்படி வந்து இப்படிப் போவது உண்டு, ஆறு வாரம் கழுத்துப் பட்டை போடு என்றார்கள். அற்புதம் என்றும் நான் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கையின் சூடு மட்டும் எனக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாத அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். முதலில் அதைப் பரப்பினது எங்கள் ஆட்கள்தான். அரசு கல்லூரி மைதானத்தில் ஆண்டவர் செய்த அற்புதம் என்று எழுதி, சர்ச் குரூப்பிலிருந்து சர்ச் குரூப்புக்கு அனுப்பினார்கள். அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டச் சொல்லிப் பார்த்து அழுதாள். நாலாவது நாள் அதே வீடியோ வேறு ஆட்களிடம் போய், வேறு எழுத்தோடு திரும்பி வந்தது. அரசு கல்லூரியில் மதமாற்றம், காயம்பட்ட மாணவனைக்கூட விடவில்லை என்று. புகார் மனு போனது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கழுத்துப் பட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்ன கூப்புடுவாங்க. தலையில அடிபட்டுச்சு, ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடு."

நான்தான் கேட்டேன் என்று சொல்கிறேன் சார் என்றேன். அதுவும் வேண்டாம், ஞாபகம் இல்லை, அவ்வளவுதான் என்றார். அடுப்பங்கரையிலிருந்து டீயோடு வந்த அம்மா, "புள்ளைய பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. சார் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே வாசல் குழாயில் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. பத்தொன்பது வயசில் சர்டிபிகேட் என்பது டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிற ஒரு தாள். அவருடைய தாளிலும் என்னுடையதில் இருப்பதேதான் இருக்கும், அதை வைத்துத்தான் அவர் வேலையில் இருக்கிறார் என்பது என் மண்டையில் ஓடவே இல்லை. மதம் மாற்றினார் என்றுதானே புகார், அதற்குப் பதில் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். பதில் என் கையில் இருந்தது. அதைச் சொல்லாமல் ஞாபகம் இல்லை என்று முழுங்குவது, கை பட்டும் படாத மாதிரி நிற்கிற வேலையாக எனக்குப் பட்டது.

பிரின்சிபால் அறையில் விசாரணை. வெளியிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். உட்காரச் சொன்னார், கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார், டீ வரவழைத்தார். ஓரத்தில் எங்கள் கல்லூரி கிளார்க் ஒருவர் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் எங்கள் ஆள்தான், பக்கத்துக் காலனி.

"பயப்படாதப்பா. உங்க சார் உன்ன மதம் மாத்தப் பாத்தாரா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். "மாத்தறதுக்கு இன்னா சார் இருக்குது? நாங்க பொறந்ததுலேர்ந்தே சர்ச்சுக்குப் போறவங்க. சாரும் அப்படித்தான்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "சாரும்னா?"

கிளார்க் எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வந்து என் காலை மிதித்தார். தெரியாமல் மிதித்துவிட்டார் என்று நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். எந்த சர்ச், எத்தனை வருடமாக, யாரோடு வருவார் என்று அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன் என்பதைத்தான் இன்றைக்கு வரைக்கும் தாங்க முடியவில்லை. அவருடைய தாயார் பாட்டுக்கு முதல் வரி எடுத்துக் கொடுப்பதைக்கூடச் சொன்னேன். தாயும் பிள்ளையும் வாழையடி வாழையாகக் கிறிஸ்தவர்கள், என்னை எதற்கு மாற்றப் போகிறார்கள் என்று விளங்க வைத்துவிட்டதாக எனக்குப் பெருமை.

"இதெல்லாம் உன் கையால எழுதிக் குடுத்துடுப்பா" என்று வெள்ளைத்தாளை நகர்த்தினார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் நான் தொடர்ச்சியாக எழுதினதில் அதுதான் பெரியது அப்போது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் கிளார்க் என்னைப் பிடித்துக்கொண்டார். "கால அந்த நசுக்கு நசுக்கினேனே, மரக்கட்டையாடா நீ?" அவர் சொல்லித்தான் தெரிந்தது. சார் ஏற்கெனவே பதில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். நான் இந்து, மாணவன் பயத்தில் கேட்டதால் அவனுக்கு ஆறுதலாக அவன் வழக்கப்படி இரண்டு வார்த்தை சொன்னேன், வேறு நோக்கம் இல்லை என்று. அதிகாரியும் அதை ஏற்றுக்கொண்டு, ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடுகிற மனநிலையில்தான் வந்தாராம். "மதம் மாத்துனாருன்றது சும்மா புகாருடா. ரெண்டு மாசத்துல தானா செத்துப் போயிருக்கும். நீ குடுத்தியே, அது வேலைக்கே வேட்டு" என்றார் கிளார்க். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவரிடமும் ஒரு சர்டிபிகேட் இருந்தது.

சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக அவர் மனைவிதான் கதவைத் திறப்பார், வாப்பா என்பார். அன்றைக்கு உள்ளேயே இருந்துவிட்டார். சார் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். கொஞ்ச நேரம் அழவிட்டார்.

"நீ எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்றார். "அதான் ஒண்ணும் பண்ண முடியல."

கழுத்தை ஆட்டாதே, பட்டையை ராத்திரியும் போட்டுக்கொண்டே படு என்று சொல்லி அனுப்பினார்.

என் கதை சின்னது. நானே என் கையால் எழுதிக் கொடுத்திருந்ததால், புது சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார்கள், உதவித்தொகை நின்றது, நான் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கிரவுண்ட் இல்லாமல் எனக்கு அங்கே வேலையும் இல்லை. போர் போடுகிற லாரியில் ஏறி வடக்கே போனேன். ஒரு வருடம் மண்ணும் தண்ணீரும் மூஞ்சியில் அடித்தது. கேரளாவில் பரோட்டா மாஸ்டருக்குக் கையாள். அப்புறம் கோயம்புத்தூர், ஓசூர் என்று டைல்ஸ் ஒட்டினேன். முட்டி போட்டு நாள் முழுக்கச் செய்கிற வேலை, குளிர்காலத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்க வரவில்லை. இதையெல்லாம் கஷ்டம் என்று சொல்வதற்கில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள்.

சாரை சஸ்பெண்ட் செய்தார்கள். அப்புறம் தெற்கே ஒரு கல்லூரிக்கு அனுப்பினார்கள். சர்டிபிகேட் விசாரணை தனி. அது கமிட்டி, கோர்ட் என்று போய்க்கொண்டே இருந்தது. தென்னேரிப் பக்கம் அவர் ஊருக்கு ஆட்கள் வந்து, வீட்டில் என்ன படம் மாட்டியிருக்கிறது, கல்யாணம் எங்கே நடந்தது, செத்தவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் போனார்களாம். அவர் அப்பாவின் கல்லறையில் ஒரு சிமெண்ட் சிலுவை இருந்தது. அது இப்போது இல்லை. சர்ச்சுக்கு அவர் போவதை நிறுத்திவிட்டார். தாயார் மட்டும் போய்க்கொண்டிருந்தார், பையன் பேச்சை எடுக்காமல்.

இதெல்லாம் கேப்டன் அவ்வப்போது போனில் சொன்னது. போன வருடம் அவன்தான் கூப்பிட்டு, சாரோட அம்மா போய்ட்டாங்கடா என்றான். ஓசூரில் ஒரு வீட்டுச் சமையலறைத் தரையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் அந்த அம்மாவை வைத்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு. கால்மாட்டில் ஊதுபத்தி, தேங்காய் விளக்கு. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள், நடுநடுவே சங்கு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் சர்ச் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் கையிலும் புத்தகம் இல்லை. வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் தன்னை அறியாமல் ஏதோ முனக ஆரம்பித்தார், பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டினார். பாஸ்டரை வரவேண்டாம் என்று சாரே போனில் கேட்டுக்கொண்டாராம்.

சார் தலையை மழித்து, மீசையும் எடுத்து, ஈர வேட்டியோடு நின்றார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். "கழுத்து எப்படி இருக்குது?" என்றார். பரவாயில்லை சார் என்றேன். பந்தலுக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனார்.

"உன் போன்ல படம் நல்லா விழுமா?"

"விழும் சார்."

"வக்கீல் கேட்டிருக்காரு. வாய்க்கரிசி போடறது, கொள்ளிக்குடம் ஒடைக்கறது, சுடுகாட்டுல நெருப்பு வைக்கறது. மூணுலயும் என் மூஞ்சி தெரியணும். நெத்தி தெரியணும்." பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சொந்தக்காரங்கள எடுக்கச் சொல்ல முடியல. எதுக்குன்னு கேப்பாங்க. நீ கேக்கமாட்ட."

அவர்கள் வழக்கம் புதைப்பது. புதைத்தால் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், எரித்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். அதனால் விறகு வந்திருந்தது. அந்த அம்மாவிடம் இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்று சாருடைய மனைவி என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். அந்த வீட்டு வாசலில் நான் அழுத நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசினது அதுதான். என்னென்ன பாட்டுப் பாட வேண்டும் என்று அந்த அம்மா ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம், ஐந்து பாட்டு. "தாள அவுருதான் எடுத்தாரு. எங்க வச்சாருன்னு தெரியல" என்றார்.

நான் படம் எடுத்தேன். டைல்ஸ் வேலைக்குப் பிறகு கஸ்டமருக்கு அனுப்புவதற்கு எடுத்து எடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய்க்கரிசி போடும்போது எடுத்தேன். குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வரும்போதும் எடுத்தேன், பின்பக்கமாகப் போட்டு உடைக்கும்போதும் எடுத்தேன். சுடுகாட்டில் புகை முகத்தை மறைத்துவிட்டது. "சார், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன். அவர் கொள்ளியோடு எனக்காக இரண்டு அடி தள்ளி நின்றார்.

குளித்துவிட்டு வந்த பிறகு பம்புசெட் மேட்டில் உட்கார்ந்து போனைக் கேட்டார். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மேட்ச் முடிந்ததும் ஸ்கோர் தாளைப் பார்ப்பது மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல். ஒரு படத்தில் நிறுத்தினார். வாய்க்கரிசி போடுகிற படம். குனிந்திருக்கிறார், கண் மூடியிருக்கிறது.

"இதுல இன்னா தெரியுது?"

பெரிதாக்கிப் பார்த்தேன். "வாய் அசையற மாதிரி தெரியுது சார்."

"அழிச்சிடு."

அழித்தேன்.

"போன்ல எங்கயாவது தங்குமா?"

"கொஞ்ச நாளைக்குத் தனியா ஒரு எடத்துல இருக்கும் சார்."

"அதையும் எடுத்துடு."

அந்த இடத்தைத் திறந்து, அவர் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, அதையும் எடுத்தேன். பிறகு அவர் வக்கீலின் நம்பரைச் சொன்னார். மீதிப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அனுப்பினேன். எல்லாவற்றிலும் அவர் வாய் மூடியிருந்தது.